காக்டெயில் உறைந்துபோன விவரம்

டுரியான் துங்கால்,
12.6.1996, புதன்கிழமை.

மஸ்ஜித் தானா மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை உரிமையாளர் உயர்திரு காளிமுத்து அவர்களின் சமூகத்திற்கு, டுரியான் துங்கால் தங்கராஜு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி அன்னம்மாவும், மகள் ஷாந்தினியும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியார் மங்களம் அம்மாளும், மகன் தம்பி திவாகரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்ற நேரமாக இருந்தால் இது சும்மா எழுதுகிற வரி. இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். தங்கள் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

கடந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு என் மகளைப் பெண் கேட்டு வந்தீர்கள். பேச்செல்லாம் முன்னாலேயே முடிந்து, வெற்றிலைத் தட்டு மாற்றிப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. தாங்களோ சாயங்காலம் நாலு மணிக்கு “வரோம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டீர்கள். சம்மதமா, சம்மதமில்லையா, ஒன்றும் தெரியவில்லை. இன்றோடு மூன்று நாள். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் மங்களம் அம்மாள்தான் எடுத்தார்கள். என் குரலைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள், பிள்ளைகள் கல்யாணத்தில் காட்ட வேண்டாம் என்று இரு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் தம்பி திவாகர் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. மலாக்காவில் ஓட்டலில் வேலை செய்கிற பிள்ளை, ஏதோ பேச்சுவாக்கில் ஷாந்தினியிடம், “எங்கப்பா ஓட்டலுக்கு வந்தா காக்டெயில்தான் குடிப்பாரு” என்று சொல்லியிருக்கிறார். அவள் வந்து வீட்டில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் எஸ்டேட் பழக்கத்தில் விருந்து என்றால் ஐஸ் பெட்டியில் பீர், பேப்பரில் ஈரல் பிரட்டல், அவ்வளவுதான். தாங்களோ கடை முதலாளி. என் மகள்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள். ‘எஸ்டேட்காரன் வீட்டில் பெண் எடுத்தால் இப்படித்தான்’ என்று என்னால் அவளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். உடனே பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போய், பழைய புத்தகக் கடையில், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் உயர்ந்த ரக காக்டெயில்களை வீட்டிலேயே கலக்கும் முறை பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் வாங்கினேன். அளக்கத் தெரிந்தவனுக்குக் கலக்கவும் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ரப்பர் ஆலையில் பாலில் ஆசிட் கலந்தவன் நான். தொட்டியில் நிற்கிற ரப்பர் பாலுக்குத் தண்ணீர் விட்டு, ஆசிட்டை அளந்து ஊற்றி, கலக்கி, நுரை வழித்து உறைய வைத்து, மறுநாள் ரோலரில் விட்டு அழுத்தினால்தான் ரப்பர் ஷீட் கிடைக்கும். என் கையில் உறையாத பால் கிடையாது. மேனேஜரே கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். இந்தக் காக்டெயில் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

புத்தகத்தில் எல்லாம் பங்குக் கணக்கு. மார்ட்டினி என்பதற்கு ஐந்து பங்கு ஜின், ஒரு பங்கு வெர்மூத். ஆனால் பங்கு என்றால் எந்தப் பாத்திரம் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆலையில் பங்கு என்றால் வாளி. வீட்டுக் காரியம் என்பதால் நான் அடக்கமாக ஒரு பெரிய பால்மாவு டின்னை எடுத்துக்கொண்டேன். வாங்கி வைத்திருந்த இரண்டு போத்தல் ஜின்னையும் ஊற்றியும் முதல் டின்னே நிறையவில்லை. இன்னும் நாலு டின் பாக்கி. பால் கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடுவதுதானே முறை? விட்டேன். வெர்மூத் என்பது மூலிகை ஊறப்போட்ட ஒயின் என்று புத்தகம் சொன்னது. சீனர் மருந்துக் கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை, கறுப்பாக ஒரு போத்தலை எடுத்து வைத்து, யாருக்குப் பிரசவம் என்று மலாயில் கேட்டார். விருந்தாளிக்கு என்றேன். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்றார். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற ஒயின் என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கே நல்லதென்றால் தங்கள் உடம்புக்குக் கெடுதலா செய்துவிடப் போகிறது என்று வாங்கிவிட்டேன். அது போதாமல், சிலர் இதில் இரண்டு சொட்டு கசப்புச் சாறு விடுவதுண்டு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், வேலியோரம் ஹெம்பெடு பூமி வளர்க்கிறார், நம் நிலவேம்புதான். மதுவில் போட என்று அவரிடம் எப்படிச் சொல்வது? செடியை மட்டும் கையால் காட்டினேன். சர்க்கரை வியாதியாக்கும் என்று இரக்கப்பட்டு இரண்டு கட்டு பறித்துக் கொடுத்தார். டின் கணக்கில் கலக்கும்போது இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? ஒரு குவளை விட்டேன். ஆலிவ் காய்க்குப் பதில் கெடொண்டோங் காய் ஊறுகாய். பச்சையாகத்தான் இருந்தது, உருண்டையாகத்தான் இருந்தது, வேறு என்ன வேண்டும்?

அடுத்தது விஸ்கி சவர். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. இதைக் குலுக்கியதும் மேலே திரண்டு வந்தது பாருங்கள் நுரை! ஆலையில் நுரையை விட்டுவைத்தால் ஷீட்டில் குமிழ் விழும், கிரேடு போய்விடும். ஒரு பொட்டு இல்லாமல் வழித்துச் சிங்கில் கொட்டினேன். பக்கத்தைத் திருப்பினால், ‘இந்த நுரைதான் இதன் அழகு, இதற்காகவே இதைப் பருகுகிறார்கள்’ என்று இருக்கிறது. இதை முன்னாலேயே எழுதினால் என்ன? மீதி இருந்தது மஞ்சளாக ஒரு தண்ணீர். அதை நானே குடித்துவிட்டேன். அது தவறு. அதற்குப் பிறகு நடந்த எதற்கும் நான் முழுப் பொறுப்பு என்று சொல்ல முடியாது.

பெண்களுக்கென்று அலெக்சாண்டர் என்று ஒன்று இருக்கிறது. பாலாடை, பிராந்தி, கொக்கோ. பாலாடைக்குப் பதில் எட்டு டின் பாலை உடைத்துப் பெரிய அலுமினியத் தட்டத்தில் ஊற்றி, அரைப் போத்தல் பிராந்தியும் விட்டு, கொக்கோ டப்பாவை எடுக்கத் திரும்பினேன். அங்கேதான் போச்சு அண்ணே. திரும்பிப் பார்க்கிறேன், தட்டத்தில் விளிம்பு வரைக்கும் வெள்ளை வெளேரென்று பால். பக்கத்திலேயே சவருக்குப் பிழிந்த எலுமிச்சைச் சாறு ஒரு ஜக். இப்படிப் பாலும் புளிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முப்பத்தொரு வருஷமா இந்தக் கை ஒரே ஒரு வேலைதான் செஞ்சிருக்கு. என்னைக் கேட்கவே இல்லை. ஜக்கைத் தூக்கி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஊற்றி, ஆறு தடவை இப்படி, ஆறு தடவை அப்படிக் கலக்கி, நுரை வழித்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, “நாளைக்குக் காலைல ரோலர்ல விடலாம்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அன்னம்மா ஓடி வந்தாள்.

“என்னங்க செஞ்சீங்க?”

“உறைய விட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

துணியைத் தூக்கினால் அருமையாக உறைந்திருக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு, அதைத் துணியில் வடிகட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்து அமுக்கி, துண்டு போட்டு, கொக்கோ தூவி, வடிந்த தண்ணீரையும் வீணாக்காமல் சர்க்கரை கரைத்து மேலேயே ஊற்றி, பலகாரம் என்று தட்டில் அடுக்கிவிட்டாள். பிராந்தி விஷயத்தை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். மார்ட்டினியை நீள கிளாஸில் ஊற்றித் தங்கள் கையில் கொடுத்தேன். தாங்கள் மரியாதைக்காக ஒரே மூச்சில் குடித்தீர்கள். கண்ணில் தண்ணீர் நின்றது. “எப்படிண்ணே?” என்றேன். “இது வேற கிளாஸ் லா” என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அண்ணே இரண்டாவது ஊற்றினேன். தாங்கள் காத்தாடப் போவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய் வாழை மரத்தடியில் அதை ஊற்றியதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாவதையும் பார்த்தேன். எனக்கு வருத்தமில்லை. வாழைக்கும் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தம்பி திவாகர் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, “நான் கார் ஓட்டணும் அங்கிள்” என்று கும்பிட்டுவிட்டார். நல்ல புத்திசாலிப் பிள்ளை.

மங்களம் அம்மாள் பலகாரத்தை ருசித்துச் சாப்பிட்டார்கள். நான் தடுக்கப் பார்த்தேன், எப்படித் தடுப்பது? ஐந்தாவது துண்டில் பேச ஆரம்பித்தார்கள்.

“ஏன் அன்னம்மா, இவருக்கா இம்புட்டு பாடு? ஓட்டல்ல ஒரே ஒரு வாட்டி மகன் காக்டெயில் வாங்கிக் கொடுத்தான். மேல இருந்த காகிதக் குடையைப் பாத்துட்டு, இத திங்கறதா, புடிச்சிக்கிட்டுக் குடிக்கறதானு கேட்டாரு! வீட்டுல தெனம் கறுப்பு ஸ்டவுட் பீருல பச்ச முட்டைய ஒடைச்சி ஊத்திக் குடிக்கிற மனுசன் லா இவரு. சொந்த ஊரு எதுனு நெனச்சீங்க? புலாவ் செபாங் பக்கம் எஸ்டேட்டு லயம். கல்யாணத்துக்கு அப்பறம்கூட எட்டு வருசம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுனாரு. அத வெளிய சொல்லவே கூடாதாம்!”

தாங்கள் மேலே ஃபேனைப் பார்த்தீர்கள். தங்கள் முகம் கறுத்துப் போனது. அண்ணே, எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்று வாரமாக நான் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது. தெரிந்திருந்தால் ஐஸ் பெட்டியில் ஸ்டவுட் வைத்திருப்பேன், பத்து முட்டை வாங்கியிருப்பேன், இரண்டு பேரும் எந்த எஸ்டேட்டில் எத்தனை மரம், எந்தக் கங்காணி கெட்டவன் என்று பேசிக்கொண்டே தட்டு மாற்றியிருக்கலாம். உங்களுக்குப் பயந்து நான், எனக்குப் பயந்து நீங்கள். தாங்கள் எழுந்து வெளியே வாழையைப் பார்க்கப் போனீர்கள். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வீட்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து ஐஸ் உடைத்தேன். யாருக்கும் ஐஸ் தேவைப்படவில்லை. சும்மா உடைத்தேன். திரும்பி வந்தபோது தாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். மங்களம் அம்மாள் முனை திரும்பும் வரை காருக்குள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் காப்பியைத் தவிர எதையும் கலக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஷாந்தினி மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் அறைக்குள் போனால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது. பெற்ற மனம் பற்றி எரிகிறது அண்ணே. பிள்ளைகள் இரண்டும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். என் முட்டாள்தனத்துக்காக அவர்களைப் பிரித்துவிடாதீர்கள். தாங்கள் வரச் சொன்னால் மஸ்ஜித் தானாவுக்கே வந்து, தங்கள் கடை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

மாரியம்மன் தங்கள் கடையையும், குடும்பத்தையும், முக்கியமாகத் தங்கள் குடலையும் காக்க வேண்டும். மங்களம் அம்மாளுக்கு என் வணக்கம். தம்பி திவாகருக்கு என் ஆசீர்வாதம், அதை வாங்கிக்கொள்ள அவருக்கு விருப்பமிருந்தால்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
தங்கராஜு

பின்குறிப்பு: ஸ்டாம்பு எடுக்க உள்ளே போன நேரத்தில் அன்னம்மா இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். தாங்கள் வாழைக்கும் நான் ஐஸுக்கும் போயிருந்த நேரத்தில், மங்களம் அம்மாள் அடுப்படியிலேயே ஷாந்தினிக்குப் பூ வைத்து, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தே தட்டும் மாற்றிக்கொண்டார்களாம். “ஆம்பளைங்க ரெண்டு பேரும் தெளியட்டும், அப்பறம் சொல்லலாம்னு இருந்தோம். நீங்க மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியறத பாக்க நல்லா இருந்திச்சி, அதான் சொல்லல” என்கிறாள். இதே கதைதான் அங்கேயும் நடக்கிறதாம். என் மகள் தலையணைக்குள் அழவில்லையாம், சிரித்தாளாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு எதுவும் செல்லாது, சம்பந்தி. நான்கு பக்கம் எழுதிய கை வலிக்காகத்தான் இதை அனுப்புகிறேன். கல்யாணத் தேதியும் குறித்துவிட்டார்களாம். என்றைக்கு என்று கேட்டால், “பத்திரிகை அடிச்சதும் ஒங்களுக்கும் ஒண்ணு அனுப்புவோம்” என்கிறார்கள். தங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.