ஜெனிட்டா நூறு வருஷம் பின்னால் போகிறாள்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மாமாவுக்கும் எஸ்தர் அக்காவுக்கும் தம்பி கில்பர்ட்டின் ஸ்தோத்திரம்.

இங்கு நானும் ஷோபாவும் குழந்தை ஜெனிட்டாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். ஜோலார்பேட்டையில் நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். சுகம் என்று மரியாதைக்கு எழுதினேனே தவிர, ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் சொல்லாமல் இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போனை ஷோபா பார்ப்பாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

ஜெனிட்டாவின் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த வாரம் கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு மாதிரிக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்றால் நானே டாட்டா காட்டி அனுப்புவேன். ஆனால் அங்கே ஒரு நாள் முழுக்க நூறு வருஷத்துக்கு முந்தைய பிள்ளைகளாகவே வாழ வேண்டுமாம். கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டும், விறகு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட வேண்டும், செருப்பு கிடையாது, போன் கிடையாது, பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குக் காட்டும் வாட்ச்சும் கிடையாது. உடுப்பில் ஜிப், எலாஸ்டிக் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் சரித்திரத்தை அனுபவித்துப் படிக்கட்டும் என்கிறார் வகுப்பு டீச்சர் வீணா மிஸ். அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டவில்லை, அதுவும் சரித்திரம்தான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் அடுத்த பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டார்.

சரி, பிள்ளையைத் தயார் செய்வோம் என்று இறங்கினேன். முதலில் நாடா வைத்த பாவாடை தைத்தோம். போட்டுப் பார்த்த அன்றே நாடா கடுமுடிச்சு விழுந்துவிட்டது, ஷோபா ஆபீசில், பிள்ளை பாத்ரூம் வாசலில் குதிக்கிறாள், நான் பல்லால் கடித்துப் பார்த்து, ஸ்பூனால் நெம்பிப் பார்த்து, கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன், நாடாவோடு பாவாடையும் கொஞ்சம் போய்விட்டது. அடுத்தது கிணறு. லிங்கராஜபுரத்தில் கிணற்றுக்கு எங்கே போக? எங்கள் மாடி பால்கனிக்கு நேர் கீழே தண்ணீர் வாளியை வைத்து, துணி காயப் போடும் கயிற்றைக் கட்டி, மேலே இருந்து இழும்மா என்றேன். அவள் அழகாக இழுத்தாள். நான்தான் பயந்துபோய் நடுவில் கயிற்றைப் பிடுங்கினேன். வாளி கவிழ்ந்து, கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டு ஓனர் கோவிந்தப்பாவின் மேல் தண்ணீர் மொத்தமும் கொட்டியது. அவர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தன் கன்னடத் தமிழில், "ஏன் கில்பர்ட் சார், மேல நல்லில நீர் வரலியா? ஒரு மாத்து சொல்லியிருந்தா மோட்டார் போட்டிருப்பனே" என்றார். நான் நூறு வருஷத்தை விளக்கினேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறார்.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் அங்கே போடும் மத்தியானச் சாப்பாடு. ராகி முத்தே. நம் ஊர் களி போலத்தான், ஆனால் இங்கே அதை மெல்லவே கூடாதாம், உருட்டி, சாறு என்கிற குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். எட்டு வயதுப் பிள்ளை, தொண்டையில் நின்றுவிட்டால்? கோவிந்தப்பாவின் மனைவி லட்சுமம்மா பழக்கிவிடுகிறேன் என்று கிண்டிக் கொண்டுவந்தார். ஜெனிட்டா மடமடவென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டாள். நான் பழக்க தோஷத்தில் மென்றேன். அது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நான் பேச வாயெடுக்க, மிச்சம் தொண்டைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, லட்சுமம்மா என் முதுகில் போட்ட போடு இன்னும் வலிக்கிறது. தண்ணீர் கொண்டுவந்தது ஜெனிட்டாதான்.

இதற்கெல்லாம் ஷோபா சிரிக்கிறாள், நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் பிள்ளைக்கு வீசிங் வந்த நாட்கள் உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக வரவில்லை, சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இன்ஹேலர் தன் பையிலேயே இருக்கும் என்று வீணா மிஸ்ஸும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். இருந்தாலும் விறகுப் புகை புகைதானே? திரைக்குப் பின்னால் கேஸில் சமைத்துவிட்டு விறகில் சமைத்ததாகச் சொல்லலாமே என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் ஸ்டாஃப் ரூமுக்குள் போய்விடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. அவள் மூச்சுக்குத் தவித்தபோது மடியில் வைத்திருந்தவன் நான். அவள் என் கண்ணில் படாமல் ஒரு நாள் முழுக்க இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். போகாதே என்று நான் சொன்னால் ஷோபா என்னைச் சும்மா விடமாட்டாள். பிள்ளையும் ஏன், எதற்கு என்பாள். நீங்கள் சொன்னால் மட்டும் மறுபேச்சு பேசமாட்டாள். "ஜெனிட்டா கண்ணு, அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டாம், ஜோலார்பேட்டைக்கு வா" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். நான் எழுதச் சொன்னதாக எங்கேயும் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் வீட்டின் மேலும் உங்கள் போக்கின் மேலும் வரத்தின் மேலும் ஆண்டவரின் கண் இருக்கட்டும். அக்காவை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
கில்பர்ட்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கவரை ஒட்டப் போகும்போது ஜெனிட்டா ஸ்கூலில் இருந்து வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, நான் வரலன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஏன் என்றேன். "நீ ரொம்ப பயந்துக்குற இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு பன்னைத் தின்ன ஆரம்பித்தாள். அழவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நான் கேட்டதுதான் கிடைத்தது, ஆனால் இப்படி வேண்டாம் மாமா. போட்ட லுங்கியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வீணா மிஸ் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைவதற்குள் மறித்து, அவள் பெயரை எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். எடுக்கவில்லை, ஆனால் அவளே சம்மதிக்க வேண்டும் என்றார். வந்ததில் இருந்து போம்மா, போம்மா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அவளோ, "ஒரு நாள் ஃபுல்லா நான் இல்லாம நீ இருந்துப்பியா?" என்கிறாள். இருந்துப்பேன் என்றேன். நம்பமாட்டேன் என்கிறாள். அதனால் அன்புகூர்ந்து இதைக் கண்டவுடன் ஸ்பீட் போஸ்ட்டில் பதில் எழுதுங்கள். உன் அப்பன் ஒரு நாள் சமாளித்துக்கொள்வான் என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் அவள் நம்புவாள். நானும் நம்பிக்கொள்வேன்.