மண்பட்டையும் பாய்லரும்

“யோவ், இந்தச் சேத்தை எடுய்யா! குளிர் முதுகெலும்பு வரைக்கும் ஏறிடுச்சு!”

மல்லாந்து கிடந்த ஃபோர்மேன் கத்தினார். அடிவயிற்றின் மேல், துணியில் பொதிந்த ஈரமண் பட்டை கனத்தது. உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் பதினாலு நிமிஷம் இருக்குங்க.”

அச்சகத்தில் இவர் குரல் கேட்டால் ஓடுகிற மெஷினே ஒரு நொடி தயங்கும் என்பார்கள். ‘பாய்லர்’ என்று பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவரை, “இயற்கை மருத்துவ அறிமுக முகாம்ங்க, ஏழே நாள்தான், உடம்புக்கு நல்லது” என்று தேனொழுகப் பேசி மனைவி அனுப்பிவைத்திருந்தாள். தன் நெஞ்செரிச்சலுக்குத்தான் என்று நினைத்து அவரும் வந்துவிட்டார். வந்த அன்றே காபி நின்றது. மறுநாள் தலை வெடித்தது. மாத்திரை கேட்டார்.

“மாத்திரையெல்லாம் இங்க கிடையாதுங்க. காபி விட்ட கோளாறுதான். நாம குறுக்க நிக்காம இருந்தா உடம்பே பாத்துக்கும்” என்று சிரித்த டாக்டர், மண்பட்டை எழுதிக்கொடுத்தார். அதன் பலன்தான் இந்த நடுக்கம்.

நடுக்கத்துக்கு நீராவிப் பெட்டி என்றார் டாக்டர். தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்க, மிச்ச உடம்பு மரப்பெட்டிக்குள் வெந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. கையோ உள்ளே.

“யாராவது மூக்கைச் சொறிஞ்சு விடுங்கய்யா!”

பக்கத்து அறையில் தியானத்தில் இருந்த பதினொரு பேரும் அலறியடித்து ஓடி வந்தார்கள். வந்து வேடிக்கை பார்த்தார்கள். சொறிந்துவிட ஒருத்தரும் முன்வரவில்லை.

விளைவு, மறுநாள் முழுக்க அவருக்கு மௌன விரதம் என்றார் டாக்டர். வாயைத்தானே கட்டினார்கள், கையை இல்லையே என்று, காகிதம் கிழியக் கிழிய எட்டுப் பக்கம் புகார் எழுதி டாக்டர் மேஜையில் அறைந்தார் ஃபோர்மேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

“உள்ள நிறைய தேங்கிக் கிடக்கு. வயித்துக்குக் கொஞ்சம் ஓய்வு குடுப்போம்.”

சாப்பாடும் போயிற்று. வேளைக்கு ஒரு தம்ளர் வெள்ளரிச் சாறு.

நாலாம் நாள் மௌனம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவியும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, வீட்ல ஒரே சத்தமா இருக்கு?”

“நீங்க இல்லாத வீட்ல ஏதுங்க சத்தம்? ஏழு நாளும் முழுசா இருந்துட்டு வாங்க. அவசரமே இல்ல.”

அவ்வளவுதான். இடுப்புத் துண்டோடு ஆபீஸ் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

“பேரை அடிச்சிடும்மா! நான் கிளம்பறேன்!”

பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண் பதறவில்லை. “நீங்க பாட்டுக்குக் கிளம்ப முடியாதுங்க. பேஷண்ட் ஒத்துக்கணும்.”

“நான்தாம்மா பேஷண்ட்! நாலு நாளா மண்ணைச் சுமந்து, ஆவில வெந்து, பட்டினி கிடக்கறது யாரு, உங்க மாமனாரா?”

அவள் பதிவேட்டை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

“பேஷண்ட் உங்க வீட்டம்மாங்க. பத்து வருஷமா நெஞ்சுப் படபடப்பு இருக்குன்னு போன மாசம் வந்தாங்க. ‘காரணத்தை ஒரு வாரம் வீட்டை விட்டு அப்புறப்படுத்தணும்’னு டாக்டர் எழுதினாரு, அதான் உங்களைச் சேர்த்துக்கிட்டோம்.”