நிரோஜனுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு

பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படித்தால், அதைப் படிப்பென்று எந்த அம்மாவும் நம்புவதில்லை. என் அம்மா திறந்து வைத்துப் படித்தாலும் நம்பமாட்டார்.

அப்போது நான் கம்பஸில் முதலாம் வருடம். பௌதிகத்தையும் புள்ளிவிபரவியலையும் ஆங்கிலத்தில் நடத்தினார்கள். வீட்டுப்பாடக் கணக்குகளைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். கொட்டாஞ்சேனையில் இருந்த சீனியர் நிரோஜன்தான் போனில் தமிழில் விளங்கப்படுத்துவான். அவன் சொன்னதை நான் திருப்பிச் சொல்லவேண்டும்.

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு என் பாதி மட்டும் கேட்டது.

“ஓம், ரெண்டுக்கும் இடையில ஈர்ப்பு இருக்கு. தூரம் கூடினா குறையும்.”

பிறகொரு நாள், புள்ளிவிபரவியலில்: “தொடர்பு நல்ல வலுவாத்தான் இருக்கு. விலகல் கொஞ்சம்தான்.”

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் தப்பியிருப்பேன்.) புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்த மாமாவுக்குப் போன் எடுத்தார். மாமாவுக்கு உலகத்தில் எல்லோருமே எதிர்த்தரப்புச் சாட்சிகள்.

“பெடியன்ர வீடு எங்க?” என்றார் வந்ததும். கணக்குத்தான் படிக்கிறோம் என்றேன். “எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்.”

மூவரும் த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கதவைத் திறந்த நிரோஜனின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவதானா அது? ‘பயப்பிடாதையும், கடைசி வரைக்கும் நான் கூட இருப்பன்’ எண்டு என்ர மகன் போனில சொல்லுறான்.”

(கடைசிக் கணக்கு வரைக்கும்.)

இரண்டு அம்மாக்களும் தாங்கள் கேட்ட பாதிகளை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியபோது இன்னும் மோசமாக இருந்தது.

நிரோஜன் வீட்டில் கட்டும் சாரத்தோடு வெளியே வந்தான். மாமா தொண்டையைச் செருமினார்.

“தம்பி, நேரடியாக் கேக்கிறன். உமக்கும் இவளுக்கும் என்ன தொடர்பு?”

பயத்தில் அவன் வாயிலிருந்து பாடம்தான் வந்தது.

“அங்கிள், தொடர்பு இருக்கெண்டதுக்காக, ஒண்டு மற்றதுக்குக் காரணம் எண்டு சொல்லேலாது.”

அம்மா பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “எதுக்குக் காரணம்? பிள்ளை, என்ன செய்துபோட்டாய்?”

எனக்கு அழுகை வந்தது. பையிலிருந்த கேள்வித்தாளை எடுத்து மாமாவின் கையில் திணித்தேன். குடை விற்பனை கூடும் நாட்களில் பஸ்கள் பிந்துகின்றன. அதற்குக் குடைதான் காரணமா என்று கேட்டிருந்தது. மாமா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

“குடை எண்டு ஆரைச் சொல்லினம்?”

நிரோஜன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். நெடுநேரம் யோசித்துவிட்டு, “மழை. ரெண்டுக்கும் மழைதான் காரணம்” என்றார் மாமா. தானே விடை கண்ட பிறகுதான் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்தது.

போன வருடம் நிரோஜனுக்குக் கல்யாணம். மேடையில் மாமா என்னை மணமகளிடம் அறிமுகப்படுத்தினார்.

“இவ வெறும் தொடர்பு மட்டும்தான் பிள்ளை. காரணமில்லை.”

அவள் மெதுவாக நிரோஜனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கமெராக்காரர் படம் பிடித்துவிட்டார். மாமாவும் நானும் கூட நிற்கும் அந்தப் படத்தை அம்மா எங்கள் வீட்டில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்.