அறுபது பேரும் எதிர்வீட்டு அரிகிருஷ்ணனும்

பெட்டிக் கட்சிக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. இவருக்குக் கொடி கிடையாது, தேர்தலில் நிற்பதும் கிடையாது. டி.வி.யில் செருகி வீடியோ கேம் ஆடும் பெட்டிகளில் தன் வீட்டில் இருப்பதே உயர்ந்தது, மற்றதை வாங்கியவன் விவரமில்லாதவன் என்று ஊருக்கு நிரூபிப்பதுதான் இவருடைய ஒரே கொள்கை.

முத்தியால்பேட்டை செம்மலைப் பாருங்கள். தட்டாஞ்சாவடி பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். 2008-இல் பாரீஸிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒரு கறுப்புப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். பெட்டி ஓசி, கட்சி மட்டும் சொந்தம். எதிர்வீட்டு அரிகிருஷ்ணன், அதாவது பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றிய அதே அரிகிருஷ்ணன், வெள்ளைப் பெட்டி வாங்கியதுதான் வினை.

"என்னுதுல ஒரே சண்டையில அறுவது பேர் ஆன்லைன்ல ஆடலாம். உன்னுதுல பாதியாவது தேறுமா?" என்பார் செம்மல். டீக்கடையில் கேட்பார், ரேஷன் வரிசையில் கேட்பார், சாவு வீட்டில் குரலைத் தாழ்த்திக் கேட்பார். எண்ணிக்கை யாருக்கு வேணும், ஆட்டத்தில் ருசி வேண்டாமா என்று அரிகிருஷ்ணன் திருப்பிக் கொடுப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று பேசாது. பிரேசிலில் இருக்கும் முகம் தெரியாத ஆசாமியோடு தோள் சேர்ந்து போரிடலாம், எதிர்வீட்டுக்காரனோடு முடியாது. அறுபது பேரில் ஒருத்தர் பெயராவது தெரியுமா என்று மனைவி சிவசங்கரி கேட்டபோது, போர்க்களத்தில் அதெல்லாம் விசாரிப்பதில்லை என்று விளக்கினார் செம்மல்.

அரிகிருஷ்ணன் மகளின் காதுகுத்தில் விஷயம் முற்றியது. வெள்ளைப் பெட்டி குழந்தைகள் விளையாடுவது என்று பந்தியில் செம்மல் அறிவிக்க, மச்சான் போட்ட பிச்சைக்கு இவ்வளவு வாயா என்றார் அரிகிருஷ்ணன். பாயசம் வருவதற்கு முன்பே செம்மல் எழுந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

சில மாதங்கள் கழித்து, அரிகிருஷ்ணன் பைக்கிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். சாத்துக்குடிப் பையைக் கையில் திணித்துக் கணவரை எதிர்வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டாள் சிவசங்கரி. உள்ளே இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பெட்டியின் மேல் தூசி.

"ஆடறதில்லையா?" என்றார் செம்மல்.

"ஒத்தக் கையில என்னாத்த ஆடறது? எடது கையால சிப்பாய நடத்தலாம். சுடறதுக்கு வலது கை வேணுமே."

செம்மல் எழுந்து பெட்டியின் தூசியைத் தட்டினார். கொள்கை ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து, இரண்டு கையால் பிடித்து ஆடும் எதிரிக் கட்சிக் கன்ட்ரோலரின் வலது பாதியைப் பிடித்தார். அரிகிருஷ்ணன் நடத்தினார், செம்மல் சுட்டார். ஒரே சிப்பாய். சுவரில் முட்டினான், சொந்தப் படையையே சுட்டான், திரும்பத் திரும்பச் செத்தான். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அறுபது பேரோடு ஆடிய எந்தச் சண்டையிலும் செம்மல் இப்படிச் சிரித்ததில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது, நாளைக்கும் வருவியா என்று கேட்டார் அரிகிருஷ்ணன்.

"வரேன்டா. ஆனா பட்டன்லாம் எங்குளுது மாதிரி வராது."

கட்சிக்காரர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? கட்டுப் பிரித்த மறுநாளே டீக்கடையில் பழைய விவாதம் தொடங்கிவிட்டது, தோளில் கை போட்டபடி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் வீடியோ கேம் பெட்டியே இல்லைதான். ஆனால் உங்கள் செல்போனைப் பற்றி, பைக்கைப் பற்றி, காபித்தூளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லட்டும், அப்போது பார்க்கலாம்.