எங்கள் வீட்டுக்கு என்ன வயது?

ராயபுரம்,
திருப்பூர்.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், இவர், பையன் நிதிஷ் மூவரும் சுகம். கோவையில் நீங்களும் அண்ணியும் பரணியும் சுகமாயிருக்க சிவன்மலை முருகனிடம் சொல்லியிருக்கிறேன். வீடும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"அம்மிணி, அது தொண்ணூறு வருசத்து ஊடு. எப்ப வேணா தலைமேல உழுந்துரும். இடிச்சுட்டு நாலு மாடி கட்டிரலாம்" என்று போனில் சொல்லி, என் கையெழுத்துக்காகச் சம்மதப் பத்திரமும் அனுப்பினீர்கள். கூடவே, புதுக் கட்டடத்தின் வாசலில் கருங்கல்லில் பொறிக்க வீட்டின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். கையெழுத்துக்கு ஒரு நிமிடம் போதும். வரலாறு மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

முதலில் ஆண்டு. வாசல் நிலையின் மேல்கட்டையில் செதுக்கியிருப்பதாக அப்பா சொல்வாரே, அதைப் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்ட் மூடிவிட்டது. இவரை ஏணியில் ஏற்றிச் சுரண்டச் சொன்னேன். பச்சை போய், நீலம் போய், காவி வந்தபோது ஏணி சரிந்துவிட்டது. இவர் நிலையைப் பிடித்துத் தொங்கினார். எப்போது வேண்டுமானாலும் விழும் என்று நீங்கள் சொன்ன வீடு, எழுபத்தெட்டுக் கிலோ ஆளைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. நிதிஷ் போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் ஏணியை நிமிர்த்தினான். அந்தப் போட்டோவில்தான் 1934 என்று தெளிவாகத் தெரிகிறது, இவர் காதுக்குப் பக்கத்தில்.

அடுத்து அறைகள். நீங்கள் அனுப்பிய இன்ஜினியர் மோகன்ராஜ் ஒரு முறை எண்ணி ஏழு என்றார், இன்னொரு முறை எண்ணி எட்டு என்றார். சமையலறையிலிருந்து பூஜை அறைக்குப் போக குளியலறை வழியாகத்தான் பாதை என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்த ஊட்டுக்குப் பிளான் போட்டது யாருங்க?"

"யாரும் போடலீங்க. அப்பாவுக்குப் புது பனியன் ஆர்டர் வந்தா ஒரு ரூம் சேத்துவாருங்க."

"சரிங்க, அந்தக் கட்டிங் டேபிளை வெளிய எடுத்துட்டா ஹாலை அளந்துக்குவேன்."

"டேபிள் வெளிய வராதுங்க. டேபிளைப் போட்டுட்டுத்தான் சுவரையே கட்டுனது."

அவர் அந்த மேசை மீதே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நோட்டை எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலுக்கு, சுப்பாத்தாள் அத்தையிடம் போனேன்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குச் சாதகம் எழுதறயா?" என்று சிரித்தார். 1934 என்றதும் சிரிப்பு அதிகமானது. "அந்த வாசல் நெலவு இங்க இடிச்ச ஒரு ஊட்டுது கண்ணு. உங்கப்பன் அர்த்தநாரிதான் வெலைக்கு வாங்கி வண்டில ஏத்தீட்டுப் போனான். கட்டறப்ப உங்கண்ணனுக்கு மூணு வயசு. கலவைக்குள்ள காலை உட்டுட்டு ஒரே அழுகாச்சி!"

அண்ணா, இந்த வீடு உங்களைவிட மூன்று வயது இளையது. முழங்கால் வலி உங்களுக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. மழை வந்தால் அதன் மேற்கு மூலை ஒழுகும். உங்களுக்கு மூக்கு ஒழுகும். வீட்டின் நாற்பத்தெட்டை முதுமை என்று இடித்துவிடலாம் என்றால், ஐம்பத்தொன்றான உங்களைப் பற்றி அண்ணி என்ன முடிவெடுக்க வேண்டும்? எனக்கும் நாற்பத்தாறு நடக்கிறது. பிளான் இல்லாமல், தேவைப்பட்ட போதெல்லாம் அங்கங்கே சேர்த்துக் கட்டிய ஆள்தான் நானும்.

வயதுதான் காரணம் என்றீர்கள். அந்தக் காரணம் இப்போது இல்லை. எனவே பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கருங்கல்லை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பரணி நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகப் படிக்கட்டும்.

உங்கள் தங்கை,
பூங்குழலி

பி.கு.: கவரை ஒட்டும்போது அத்தை போன் செய்தார். "கண்ணு, மாத்திச் சொல்லிப்போட்டேன். வெலைக்கு வாங்குன நெலவு உங்க பனியன் குடோனுக்கு. உங்கண்ணன் காலை உட்டதும் அங்கதான். ஊடு நெசமாவே பழசு சாமி." ஆக வீட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. மேலே நான் வாதாடியது அத்தனையும் தப்பு. வேறு காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பத்திரத்தை வெளியே எடுத்து, பேனாவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டேன். காரணமே இல்லாமல் கேட்கிறேன் அண்ணா, இடிக்க வேண்டாம்.