மீன் எண்ணெயில் ஓடிய எஞ்சின்

புகை விட்டவன்தான் அதற்குத் தண்டம் கட்ட வேண்டும் என்று எங்கள் குப்பத்தில் முதன்முதலாக முழங்கியவன் நான். முதன்முதலாகத் தண்டம் கட்டியவனும் நான்தான் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பொன்னேரியில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, பழவேற்காடு ஏரிக்கரையில் எல்லோருக்கும் அறிவுரை வழங்கிக்கொண்டிருந்தேன். (இலவசம்தான். அப்படியும் யாரும் வாங்கவில்லை.) ஊர் ஓரத்தில் முனிரத்தினம் என்பவர் கிளிஞ்சல் சுடும் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். காற்று திரும்பினால் போதும், மணலில் காயும் தேசம்மா அத்தையின் இறாலெல்லாம் கரி பூசிக்கொள்ளும். சந்தையில் ஒருவரும் சீண்ட மாட்டார்கள். அத்தை அழுததைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது.

ஊர்க்கூட்டத்தில் எழுந்தேன். தலைவர் என் அப்பாதான், எங்கள் பேச்சில் நைனா. பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கி, காளவாய்க்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. என்னை உட்கார வைப்பதற்காகவே கூட்டம் ஒரு முடிவெடுத்தது என்று நினைக்கிறேன். புகையால் ஒருவர் சரக்கு கெட்டால் புகை விட்டவர் ஈடு தரவேண்டும். மீன்பிடிக்கிறவராக இருந்தால் தன் அடுத்த பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. வீட்டுக்கு ஒரு நாள் என்று சுற்றி வரும், அந்த நாள் போனால் போனதுதான்.

முனிரத்தினம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மொதல்ல உங்காளு ஒருத்தன் கட்டட்டும் தலைவரே, அப்பால நான் கட்டறேன்" என்றார்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து இறால் பொங்கி வந்த வாரம் அது. கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் எங்கள் பாடு. எங்கள் வலை ஒட்டுப் போட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டுப் போட்ட வலை. அந்த ஒரு நாளை நம்பித்தான் நைனா புது வலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நானும் என் பங்குக்கு நண்பன் வயலிலிருந்து தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வந்தேன். படகில் பூட்டி நைனாவை அசத்தத் திட்டம். டீசல் இல்லை. படகுப் பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய் டின் நிறைய இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே? (வரலாறு படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்.)

பாட்டுக்கு முந்தின நாள், கரையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு கக்கியது. ஐயோ, அது புகையா! கன்னங்கரேலென்று சுருண்டு, கருகிய வறுவல் நாற்றத்தோடு நேராகத் தேசம்மா அத்தையின் இறால் மேல் போய்ப் படுத்தது. நிறுத்தத் தெரியவில்லை. ஊர்ப் பூனை அத்தனையும் விருந்தென்று ஓடிவந்து எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தன. பூனைகளுக்குப் பின்னால் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் முனிரத்தினம், முகமெல்லாம் பல்.

அன்று மாலையே பஞ்சாயத்து. காளவாய் வருஷம் முழுக்கப் புகைகிறது, என்னுடையது அரை மணி நேரம்தானே என்று வாதாடினேன்.

"எறாலுக்கு யாரு வுட்ட பொகைனு தெரியுமாடா?" என்றார் நைனா. பிறகு என்னைப் பார்க்காமல் தேசம்மா அத்தையின் புருஷனிடம் சொன்னார்: "நாளைக்கு எங்க பாடு. நீ போ."

அவர் போனார். படகு மூழ்காத குறையாக இறாலோடு திரும்பினார். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். அம்மா மூன்று நாள் எனக்குச் சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தாள்.

நான்காம் நாள் முனிரத்தினம் இரண்டு கூடை நல்ல கருவாட்டு இறாலை அத்தை வீட்டு வாசலில் இறக்கினார். இனி காற்று ஊர்ப்பக்கம் அடித்தால் காளவாய் மூட்டுவதில்லை என்றும் சொன்னார். சொந்த வீட்டுப் பாட்டையே பிடுங்கிக் கொடுத்தவரிடம் தான் இன்னா வழக்கு பேசுவது என்றாராம்.

துள்ளிக் குதித்து நைனாவிடம் ஓடினேன். என் பேச்சு ஜெயித்துவிட்டது பார்த்தாயா என்றேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"ஒம் பேச்சு எங்கடா ஜெயிச்சிது? ஒம் பொகைதான் ஜெயிச்சிது. குந்து, இந்தப் பக்கம் பொத்து."

இன்றும் யாருக்காவது அறிவுரை சொல்ல நான் தொண்டையைக் கனைத்தால் போதும், என் மனைவி மொட்டை மாடிக்குப் போய்க் காயும் வடகத்தை மூடிவிட்டு வருகிறாள்.