ஆறரை மணிக்குக் காணாமல் போகும் இண்டர்நெட்

அன்பு மகன் கிளெனுக்கு,

சிம்பாங் பூலாயிலிருந்து அப்பா ஆம்புரோஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம். சிங்கப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மன்றாடுகிறோம். இங்கே நலமில்லாதது இண்டர்நெட் ஒன்றுதான். போனில் முழுக்கதையையும் சொல்லலாமென்றால், நான் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். ஆகவே கடிதம்.

ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு இண்டர்நெட் போகிறது. நீ வேலை விட்டு என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, அரை மணி நேரம் வழி சொல்லி, போனை வைத்த கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது. நீ சொல்லிக்கொடுத்த பிங் எனக்குப் புதிதே இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, விடிவதற்கு முன் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டு ஆள் எடுத்தவன் நான். பிங்கும் அதேதான். கூப்பிட்டால் வந்தவன் "இருக்கேன்யா" என்பான், வராதவன் பேசமாட்டான். நீ விட்டுப்போன லேப்டாப்பில் உட்கார்ந்து முதலில் நம் வீட்டு ரவுட்டரைக் கூப்பிட்டேன். நாலு தடவைக்கும் நாலு பதில். நல்ல ஆள். அடுத்து நீ கொடுத்த வெளி நம்பர், எட்டு எட்டு எட்டு எட்டைக் கூப்பிட்டேன், மூச்சு விடவில்லை. போகிற வழியை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டால் முதல் வரியில் நம் ரவுட்டர், பிறகு பக்கம் முழுக்க ஆள் வரவில்லை என்கிற நட்சத்திரம். ஆக, கோளாறு வீட்டுக்கு வெளியேதான் என்று முடிவு கட்டினேன். ரவுட்டருக்குப் பின்னால் வயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று நீ கேட்டாய். என் முட்டி குனிய விடாததால், அம்மாதான் அலமாரிக்குக் கீழே புகுந்து பார்க்கிறாள். "எல்லாம் கெட்டியா இருக்குலா" என்று தினமும் சொல்கிறாள்.

வெளியே என்றால் யார்? பக்கத்து வீட்டுப் பழனியப்பன் புதிதாக ரிமோட்டில் திறக்கும் ஆட்டோகேட் போட்டிருக்கிறார், அதைச் சரியாக ஆறரைக்குத் திறந்து நடக்கப் போகிறார். நேரே போய்க் கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணே, கேட்டத் தொறந்தா ஓடிப்போறதுக்கு ஒங்க இண்டர்நெட்டு என்ன ஆட்டுக்குட்டியா?" என்றார். மூன்று நாள் கையால் தள்ளித் திறக்கச் சொன்னேன், மனுஷன் தள்ளவும் செய்தார். அப்போதும் போனது. நாலாம் நாள் கேட்டைத் திறக்கவே வேண்டாம் என்றேன். "அப்ப ஏறிக் குதிக்கட்டுமா?" என்று கேட்டவர் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. டெக்னீஷியன் இரண்டு தடவை வந்தார், இரண்டும் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அது நல்ல பிள்ளை. "லைன் பாகுஸ்லா அங்கிள், நல்லாதான் இருக்கு" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் கிளென், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நீ ரயிலில் நின்றுகொண்டே எனக்கு வழி சொல்கிறாய், கதவு மூடும் சத்தம் எனக்குக் கேட்கிறது. சாப்பிட்டாயா என்றால், "அப்புறம்ப்பா, மொத பிங் போடுங்க" என்கிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அம்மா போனுக்கு வாட்சாப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய், நாங்களும் ஒன்று அனுப்புவோம், யாருக்கும் சிரமமில்லை. அதனால் நீ சொன்னபடி வேறு கம்பெனி லைனுக்கு ஏற்பாடு செய்துவிடு. விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அது வந்துவிட்டால் நீ தினமும் எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை.

நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் கூட வரட்டும் என்று, உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
அப்பா ஆம்புரோஸ்

பி.கு.: தம்பி, அம்மா எழுதுறேன். போஸ்ட் ஆபீஸ்ல போடச் சொல்லி அப்பா குடுத்தாரு, நான் பிரிச்சிட்டேன். வயரக் கழட்டுறது நாந்தான். மொத நாளு கூட்டுறப்ப தெரியாமதான் கழண்டுச்சு. நீ போன் பண்ணி அரை மணி நேரம் பேசுன. மறுநாளு தெரிஞ்சே கழட்டுனேன். பழனியப்பன் அண்ணன்கிட்ட போயி உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். அவரு சிரிக்கிறாரு, அப்பாகிட்ட சொல்லமாட்டாராம். அப்பா ஒன்னக் கூப்பிட வேணாம்னு எழுதியிருக்காருல்ல, அதே மனுஷன் அஞ்சரைக்கே குளிச்சி, சட்டை மாத்தி, அந்தப் பட்டன் போன முன்னால வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. விண்ணப்பப் பாரத்த நான் எடுத்துக்கிட்டேன். புது லைன் வேணாம்யா. நீயாவே கூப்பிடு, நான் வயரத் தொடமாட்டேன்.